மார்க்கோ போலோவின் நூல்: எந்தப் பதிப்பை வாங்குவது?

1298-ஆம் ஆண்டில் ஜெனோவா நகரச் சிறையில் வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ சொல்லச் சொல்ல, உடனிருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோ எழுதிய நூலின் மூல ஏடு இன்று நம்மிடம் இல்லை. அதிலிருந்து கிளைத்துப் பெருகிய கையெழுத்துப் படிகள் ஏறத்தாழ நூற்றைம்பது இருக்கின்றன. அவை மொழியிலும் அளவிலும் செய்தியிலும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. ஆகவே மார்க்கோ போலோவின் பயண நூலை நல்லதொரு பழம்பதிப்பாக வாங்கிவிட வேண்டும் என்று புறப்படுகிறவர், தாம் அறியாமலேயே ஒரு பதிப்பாசிரியரைத் தேர்ந்தெடுக்கப் புறப்படுகிறார். எந்தப் படியை அவர் அடிப்படையாகக் கொண்டார், மற்றப் படிகளின் பாடபேதங்களை என்ன செய்தார், எவ்வளவு உரை எழுதினார் என்பவற்றைப் பொறுத்தே கையில் வரும் நூல் அமையும். சில ஆண்டுகளாக இதற்கென்று சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்த தொகையோடு கடந்த ஆண்டு நானும் அப்படிப் புறப்பட்டேன். வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்தவற்றை, இதே எண்ணம் உள்ள பிறருக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் வழியாகப் படிப்பவரை மனத்தில் கொண்டே எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு அச்சுகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1477-இல் நூரம்பெர்க்கில் வெளியான ஜெர்மன் மொழி அச்சே இந்நூலின் முதல் அச்சு. சில ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் கௌடா நகரில் அச்சான லத்தீன் பதிப்பின் ஒரு படியில் கொலம்பஸ் ஓரக்குறிப்புகள் எழுதிவைத்திருக்கிறார். அது இன்று ஸ்பெயினின் செவில் நகரில் உள்ளது. ஜான் ஃப்ராம்ப்டன் 1579-இல் வெளியிட்ட முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஸ்பானிய மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்ட வழிநூல். இவையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டியவை. ரமூசியோவின் இத்தாலியப் பதிப்பு ஒன்றைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். அதை வாங்கும் வசதி நமக்கு இராது என்றாலும், பின்னால் வந்த ஒவ்வொரு பதிப்பும் அதனோடு என்ன உறவு வைத்துக்கொண்டது என்பதை அறியாமல் எதையும் மதிப்பிட இயலாது.

வெனிஸ் அரசில் செயலராக இருந்த ஜோவான்னி பத்திஸ்தா ரமூசியோ தொகுத்த கடற்பயண நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1559-இல் மார்க்கோ போலோவின் நூல் வெளியாயிற்று. பிற படிகளில் இல்லாத பல பகுதிகள் அதில் இருந்தன. சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் நிதியமைச்சராக இருந்த அகமது 1282-இல் தலைநகரில் கொல்லப்பட்ட நிகழ்ச்சியின் விரிவான கதை அவற்றுள் ஒன்று. ரமூசியோவுக்கு இவை எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களைத் தொல்லைப்படுத்தியது. அவராகவே சேர்த்தார் என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அகமது கொலையைச் சீன வரலாற்று நூல்களும் உறுதிசெய்தன. மறுபுறத்தில், பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள பிரெஞ்சும் இத்தாலியமும் கலந்த பழைய ஏடு ஒன்றைப் புவியியல் கழகத்தார் 1824-இல் அச்சிட்டபோது, ருஸ்திகெல்லோ எழுதிய மொழிக்கு மிக நெருக்கமான பாடம் எது என்பது தெளிவாயிற்று. பழைமையும் நம்பகமும் உடைய பாரிஸ் ஏடு ஒருபுறம், பிந்தியதானாலும் செய்தி மிகுந்த ரமூசியோ மறுபுறம்: இந்த இரண்டுக்கும் இடையில் ஒவ்வொரு பதிப்பாசிரியரும் எங்கே நின்றார் என்பதைப் பார்த்தால் பதிப்புகளின் தரம் ஓரளவு விளங்கிவிடும்.

வில்லியம் மார்ஸ்டன் 1818-இல் லண்டனில் வெளியிட்ட பதிப்பு முழுக்க ரமூசியோவின் பக்கம் நிற்கிறது. மார்ஸ்டன் சுமத்ராவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தவர். சுமத்ராவின் வரலாற்றை எழுதியவர். பருவக்காற்றுக்காக மார்க்கோ போலோ ஐந்து மாதம் காத்துக் கிடந்த அதே தீவை நேரில் அறிந்த ஒருவர் எழுதிய குறிப்புகள் என்பதால் அவற்றுக்குத் தனிச் சுவை உண்டு. பெரிய அளவுத் தாளில் தாராளமான ஓரம் விட்டு அச்சிட்ட அந்த நூல் பார்வைக்கும் அழகானது. ஆனால் அது வெளியாகி ஆறே ஆண்டுகளில் பாரிஸ் ஏடு அச்சாகி, அதன் அடித்தளத்தை ஆட்டம் காணச் செய்துவிட்டது. 1854-இல் தாமஸ் ரைட் திருத்திய மலிவுப் பதிப்பாகவும், 1908-இல் எவ்ரிமேன் வரிசையிலும் இதே மொழிபெயர்ப்பு மீண்டும் மீண்டும் அச்சாகிக்கொண்டிருந்ததால், பழைய புத்தகக் கடைகளில் மார்க்கோ போலோ என்று கேட்டால் முதலில் நீட்டப்படுவது பெரும்பாலும் இதுவே. எவ்ரிமேன் சிறு புத்தகம் சட்டைப்பையில் வைத்துப் படிக்க ஏற்றது என்பதைத் தவிர அதற்காகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 1818-ஆம் ஆண்டின் பெரிய நூலை, பதிப்புகளின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் வாங்கலாம். மார்க்கோ போலோவைப் படிக்க விரும்புகிறவர் அதற்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான போட்டி ஹென்றி யூலின் பதிப்புக்கும் 1938-இல் வெளியான மௌல், பெல்லியோ இருவரின் பதிப்புக்கும் இடையில்தான். யூலின் பதிப்புக்குள்ளேயே இன்னொரு போட்டி ஒளிந்திருக்கிறது. பணத்தைத் தவறாகச் செலவிடும் ஆபத்து அங்கேதான் மிகுதி என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

யூல் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றி 1862-இல் ஓய்வு பெற்றவர். சிசிலியின் பலேர்மோ நகரில் குடியிருந்துகொண்டு, பல நாட்டு அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்து, இந்நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் எழுதினார். ஜான் முர்ரே நிறுவனம் இரண்டு தொகுதிகளாக 1871-இல் அதை வெளியிட்டது. இத்தாலிய இளவரசி மார்கெரித்தாவுக்கு அது காணிக்கை ஆக்கப்பட்டது. மொழிபெயர்ப்புக்கு போத்தியே 1865-இல் பாரிசில் பதிப்பித்த பிரெஞ்சுப் பாடத்தை அடிப்படையாக வைத்து, அதனைப் புவியியல் கழகத்தார் அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டு, ரமூசியோவில் மட்டும் காணப்படும் பகுதிகளை அடைப்புக்குள் சேர்த்தார். இந்தச் சமரசம் பாட ஆராய்ச்சி நோக்கில் இன்று பழையதாகிவிட்டது. ஆனால் யூலின் நூலை யாரும் மூலபாடத்துக்காக வாங்குவதில்லை. நம் மரபில் மூலமும் உரையுமாக நூல்கள் வருமே, அந்த வகையைச் சேர்ந்தது அது. மூலத்தின் நாலு வரிக்கு உரை நாலு பக்கம் ஓடுகிற இடங்களும் உண்டு. உரையாசிரியரின் கல்வியும் குறும்பும் பிடிவாதமும் சேர்ந்து மூலத்தையே சில இடங்களில் மறக்கச் செய்துவிடுகின்றன. ஆசியாவின் மொழிகள் பலவற்றிலிருந்து ஆங்கிலத்தில் ஏறிய சொற்களுக்குப் பிற்காலத்தில் பேரகராதி கண்டவர் அவர் என்பதை அந்த உரையின் ஒவ்வொரு பக்கமும் காட்டிக்கொடுக்கிறது.

தமிழ் வாசகருக்கு அதன் அருமை விளங்க இரண்டாம் தொகுதியில் மாபார் பற்றிய இயல்களைத் திறந்தால் போதும். மாபார் என்று அரபு வணிகர் அழைத்தது நம் கீழைக்கரையை. ஐந்து அரச உடன்பிறப்புகளையும், அவர்களுள் ஒருவராகச் சுந்தர பாண்டிய தேவரையும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். முத்துக்குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், குளிப்பவரைச் சுறா முதலிய பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரம் ஓதும் பிராமணருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்கிறார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கியும், வளர்க்கத் தெரியாததால் அவை மடிந்தன என்கிறார். கடன் திருப்பாதவனைச் சுற்றித் தரையில் வட்டம் கிழித்துவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக் கூடாது என்ற வழக்கத்தைச் சொல்லி, அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகன் அப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதைத் தாமே கண்டதாகவும் சொல்கிறார். அரசன் கழுத்தில் முத்தும் மாணிக்கமுமாக 104 மணிகள் கோத்த சரம் இருந்தது, அத்தனை முறை அவன் நாள்தோறும் வழிபாட்டுச் சொல் சொல்வான் என்று வரும் இடத்தில், நம் கை 108 என்று திருத்தத் துடிக்கும். அந்த வழிபாட்டுச் சொல் ஐரோப்பிய ஏடுகளில் 'பகௌதா' என்பது போன்ற உருவத்தில் சிதைந்து நிற்கிறது. அது 'பகவா' என்ற விளி தமிழர் வாயில் ஒலிக்கும் வடிவமே என்று கால்டுவெல் விளக்கியதை யூல் தம் குறிப்பில் சேர்த்திருக்கிறார்.

காயல் துறைமுகம் பற்றிய குறிப்பு இதைவிடச் சிறந்தது. ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து சேர்ந்த அந்தப் பெருநகரம் எது என்பதில் பெயர் ஒற்றுமையே குழப்பத்தை உண்டாக்கியது; காயல்பட்டினம், புன்னைக்காயல், பழையகாயல் என்று தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டி மூன்று ஊர்கள் இருக்கின்றன. தாம் முதலில் காயல்பட்டினம் என்றே நினைத்திருந்ததாக யூல் ஒப்புக்கொண்டு, கால்டுவெல் எழுதியனுப்பிய விளக்கத்தை அப்படியே தருகிறார். கடலிலிருந்து உள்ளே தள்ளிப்போய்விட்ட காயல் என்ற சிற்றூரைச் சுற்றிலும் மாறமங்கலம் வரை உடைந்த ஓடுகளும் பானைச் சில்லுகளும், பெரும்பாலும் சீனத்தைச் சேர்ந்தவை, பரவிக் கிடந்ததை அந்த விளக்கம் விவரிக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் நடந்து திரிந்து பார்த்தவர் ஒருவரின் செய்தி, பலேர்மோவில் வேலை செய்த உரையாசிரியரிடம் போய், லண்டனில் அச்சேறியது. வெறும் மொழிபெயர்ப்பை மட்டும் தரும் எந்தப் பதிப்பிலும் இது கிடைக்காது.

இனி, யூலின் மூன்று பதிப்புகளில் எது? பழம்புத்தக விற்பனையில் 1871-ஆம் ஆண்டின் முதற்பதிப்புக்கே மதிப்பும் விலையும் மிகுதி. நாவலுக்கும் கவிதைக்கும் முதற்பதிப்பைத் தேடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சி உரைக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. முதற்பதிப்பு வெளியான பிறகு பல நாடுகளிலிருந்தும் வந்த திருத்தங்களையும் புதிய செய்திகளையும், குறிப்பாகச் சீனத்தில் பயணம் செய்த ரிக்தோஃபன், ஷாங்காயில் இருந்த அலெக்சாண்டர் வைலி போன்றோர் தந்தவற்றையும் சேர்த்து, யூல் தாமே 1875-இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். தாம் திருத்திவிட்ட நூலின் திருத்தாத வடிவத்துக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பதை அவர் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார். யூல் 1889-இல் இறந்தபின், பாரிசைச் சேர்ந்த சீனவியல் அறிஞர் ஆன்றி கோர்தியே, இடைப்பட்ட காலத்தில் வெளியான ஆராய்ச்சிகளைச் சேர்த்து 1903-இல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். யூலின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய மகள் எழுதி அதில் சேர்த்தார். கோர்தியே தம் சேர்க்கைகளைப் பகர அடைப்புக்குள் இட்டு, முடிவில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கையொப்பமாக வைத்தார். எது யூல் சொன்னது, எது பின்னால் வந்தது என்று வாசகர் தடுமாற வேண்டியதே இல்லை. பிறர் நூலைப் புதுக்குகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய நேர்மை இது. பலர் கைக்கொள்வதில்லை.

1871, 1875, 1903 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படிப்பவருக்கு 1903 என்பதில் எனக்கு ஐயம் இல்லை. யூலின் சொந்தக் கைவண்ணம் கலப்பில்லாமல் வேண்டும் என்பவருக்கு 1875. முதற்பதிப்பு என்ற பெயருக்காக மட்டும் வாங்குகிறவருக்கு 1871. அவரிடம் நாம் வாதாட வேண்டியதில்லை.

ஆனால் 1903 என்று முடிவு செய்தவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. கோர்தியே 1920-இல் கூடுதல் குறிப்புகளையும் திருத்தங்களையும் கொண்ட மெலிந்த மூன்றாவது தொகுதி ஒன்றை அதே முர்ரே நிறுவனம் வழியாக வெளியிட்டார். நடு ஆசியப் பாலைநிலங்களில் ஆரல் ஸ்டைன் கண்டவை முதலானவற்றின் பயன் அதில் இருக்கிறது. அது இல்லாத 1903 பதிப்பு எவ்வளவு குறையுடையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். சீன வரலாற்று ஏடுகளில் 1277-ஆம் ஆண்டில் 'போலோ' என்ற பெயருடைய ஒருவர் அரசவை அதிகாரியாக அமர்த்தப்பட்டதாக வருகிறது. அவர் நம் மார்க்கோ போலோவே என்று போத்தியே முடிவுகட்டினார். யூலும் அதை மகிழ்ச்சியோடு தம் முன்னுரையில் ஏற்றுக்கொண்டார். 1903-லும் அது அப்படியே இருக்கிறது. மார்க்கோ போலோ குப்ளாயின் அவைக்கு வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த அதிகாரி சிறப்புகள் பெற்றுவிட்டார் என்பதை வேறு சீனக் குறிப்புகள் காட்டுகின்றன என்று சீனவியல் அறிஞர் பார்க்கர் 1904-இல் எழுதினார். கோர்தியே அதை 1920-ஆம் ஆண்டுத் தொகுதியில் எடுத்துத் தருகிறார். அதாவது, சீன ஆவணங்களில் மார்க்கோ போலோவின் பெயர் இருக்கிறது என்று இன்றும் அங்கங்கே எழுதப்படும் பிழையின் வேர் இந்த உயர்ந்த பதிப்பிலேயே இருக்கிறது. அதற்கு மருந்தும் அதன் மூன்றாவது தொகுதியிலேயே இருக்கிறது. இரண்டு தொகுதிகளை மட்டும் 'முழுத் தொகுப்பு' என்று எழுதி விற்பவரிடம் மூன்றாவதைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். 1903 பதிப்பு 1920-களில் மறுஅச்சும் கண்டது; அந்த மறுஅச்சுகள் விலை குறைந்தும் உறுதியாகவும் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ஏ. சி. மௌல், பால் பெல்லியோ இருவரும் 1938-இல் ரௌட்லெட்ஜ் வழியாக லண்டனில் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் வேறொரு நோக்கில் பிறந்தவை. ஸ்பெயினின் தொலேதோ தேவாலய நூலகத்தில் இருந்த, கர்தினால் செலாதாவின் உடைமையாக இருந்த லத்தீன் ஏடு இருபதாம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது, ரமூசியோவின் 'மிகை'களில் பல அதில் காணப்பட்டன. அவர் கற்பனை செய்யவில்லை, நமக்குத் தெரியாத ஏடு அவரிடம் இருந்தது என்பது உறுதியாயிற்று. வேறு எந்தப் படியிலும் இல்லாத பகுதிகளும் அந்த ஏட்டில் இருந்தன. சீனத்தின் ஃபூஜோ நகரில், யாருக்கும் இன்ன சமயத்தார் என்று விளங்காத ஒரு கூட்டத்தாரை மார்க்கோவும் அவருடைய சிற்றப்பாவும் கண்டு பேசிய செய்தி அவற்றுள் ஒன்று. அவர்கள் பழம் பாரசீகத்தில் தோன்றிய மானி சமயத்தவராக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். யூலுக்கு இப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது. மௌல் செய்தது இது: பாரிஸ் ஏட்டை முழுமையாக மொழிபெயர்த்து, மற்றப் படிகளில் கூடுதலாக உள்ள ஒவ்வொரு சொல்லையும் சாய்வெழுத்தில் உரிய இடத்தில் செருகி, அது எந்தப் படியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறியீடு இட்டார். இரண்டாம் தொகுதி செலாதா ஏட்டின் லத்தீன் பாடம்.

மூலபாடம் முழுமையாக வேண்டும் என்றால் இதை விட்டால் வேறு வழி இல்லை. யூல், நூலின் கடைசிப் பகுதியில் வரும் தாத்தாரிய (மங்கோலிய) அரசர்களின் போர் இயல்கள் சலிப்பூட்டுகின்றன என்று சொல்லிப் பலவற்றைச் சுருக்கியும் விட்டும் சென்றார். மௌல் எதையும் விடவில்லை. ஆனால் இந்த நூலைப் படிப்பது ஒரு தவம். நேரெழுத்தும் சாய்வெழுத்தும் மாறி மாறி வரும் வாக்கியம், ஒரே ஏட்டில் என்றும் இருந்திராத வாக்கியம். பலர் சொன்னதை ஒருவர் வாயில் வைத்தது போன்ற உணர்வு அதில் எழுகிறது. ருஸ்திகெல்லோவின் கூறியது கூறலையும் மௌல் சிறிதும் குறைக்காமல் மொழிபெயர்த்ததால் நடை தடுக்கி விழுகிறது. யூலின் ஆங்கிலம் வேண்டுமென்றே பழைமை பூசிக்கொண்டது என்ற குறை உண்டு. ஆனால் அதில் ஓட்டம் இருக்கிறது. மௌலின் பதிப்பில் உரையும் கிடைக்காது. பெல்லியோவின் குறிப்புகள் அவர் 1945-இல் இறந்த பின்னரே 1959, 1963, 1973 ஆண்டுகளில் பாரிசில் மூன்று தொகுதிகளாக வந்தன. பெயர்ச்சொற்களின் அகரவரிசையில் அமைந்தவை. செங்கிஸ் கானைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் உள்ள குறிப்புகள் தனி நூல்களாக வெளியிடத் தக்க அளவின. 1938-ஐ வாங்குகிறவர் நாளடைவில் இவற்றையும் தேட வேண்டிவரும். ஐந்து தொகுதிகளையும் சேர்த்தால் வரும் செலவு, 1903 பதிப்பின் நல்ல படியை விட மிகுதியாகவே இருக்கும்.

பழம்பதிப்பு வேண்டாம், படித்தால் போதும் என்பவருக்கு வழிகள் எளியவை. லேதம் 1958-இல் பெங்குவின் வரிசைக்காகச் செய்த மொழிபெயர்ப்பு, செலாதா ஏட்டின் செய்திகளையும் பயன்படுத்திக்கொண்டு, தடையில்லாமல் படிக்கக் கூடிய நடையில் இருக்கிறது. பாரிஸ் ஏட்டை மட்டும் தனியே படிக்க விரும்புகிறவருக்கு ஷாரன் கினோஷிதாவின் 2016 மொழிபெயர்ப்பு உண்டு. டோவர் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட மறுஅச்சு, 1903 பதிப்பையும் 1920 சேர்க்கையையும் இரண்டு தொகுதிகளுக்குள் ஒன்றாக அடக்கியது. பழைய முர்ரே பதிப்பை விடப் பன்மடங்கு மலிவானது. ஒரே ஒரு பதிப்பைத்தான் வாங்க முடியும், அழகு முக்கியமில்லை என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன். குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் யூல், கோர்தியே பதிப்பு முழுவதும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது.

கேட்டவுடன் அச்சிட்டுத் தரும் மறுஅச்சுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் 1903 பதிப்பின் அப்படிப்பட்ட மறுஅச்சு ஒன்றை வாங்கினேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. மூலத்தில் விரித்துப் பார்க்க வேண்டிய மடிப்பு வரைபடங்கள், மடித்த நிலையிலேயே வருடப்பட்டிருந்தன (ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன). பாதி ஆசியா மட்டும் ஒரு சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது. மறுபாதி எங்கோ நூலகத்தில் மடிந்து கிடந்தது. உரையில் ஓரிடத்தில் வருடியவரின் கட்டைவிரலும் அச்சாகியிருந்தது. பயண நூலில் வரைபடம் இல்லாவிட்டால் பாதி நூல் இல்லை. திருப்பி அனுப்ப எழுதியதற்கு, மூலத்தில் உள்ளதே இதில் உள்ளது என்ற பதில் வந்தது.

பழைய அசலை வாங்குவதென்றாலும் முதலில் எண்ண வேண்டியவை வரைபடங்களும் படத்தாள்களுமே. தொகுதியின் முன்பக்கத்தில் அவற்றின் பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பெரிய வரைபடங்கள் மடிப்பில் கிழிந்திருப்பது இயல்பு, அது பெருங்குறை ஆகாது. வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் நூலை விட்டுவிடலாம். நூலக முத்திரை விழுந்த படிகளை உண்மையான சேகரிப்பாளர்கள் ஒதுக்குவதால் அவை விலை குறைந்து கிடைக்கும். படிப்பவருக்கு அந்த முத்திரையால் ஒரு தீங்கும் இல்லை. முதுகுப் பகுதி புதிதாக ஒட்டப்பட்டிருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொல்லாதவரிடம் மற்றவற்றையும் நம்பக் கூடாது. தோல் முதுகு வைத்த பைண்டிங்கின் கம்பீரத்தில் மயங்குகிறவர்கள், கடலோரத்து ஈரக்காற்றில் அது என்ன ஆகும் என்பதையும் நினைக்க வேண்டும். பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் முர்ரே நிறுவனத்தின் பெயருக்கு அஞ்சமாட்டா. எங்கள் ஊரைப் போன்ற இடத்தில் துணி பைண்டிங்கே மேல். பழுப்புப் புள்ளிகள் தாளில் இருப்பதையும் நான் பெரிதாக எண்ணுவதில்லை, புழுத்துளைகளை மட்டும் கவனமாகப் பார்ப்பேன்.

இத்தனையும் ஒப்பிட்டபின் நான் வாங்கியது 1903 பதிப்பின் இரண்டு தொகுதிகளை. ஒரு கல்லூரி நூலகத்தின் முத்திரை விழுந்தவை, வரைபடங்கள் அனைத்தும் உள்ளவை. அதே விலைக்கு 1938 பதிப்பின் முதல் தொகுதி மட்டும் கிடைத்திருக்கும். செலாதா ஏட்டின் செய்திகள் கைவிட்டுப் போகின்றனவே என்ற வருத்தம் இருக்கத்தான் செய்தது; அவற்றுக்காக லேதமின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மாபார் இயல்களுக்கு யூலின் உரை இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதே இறுதியில் தராசைச் சாய்த்தது. சீனத்தையோ மங்கோலியரையோ ஆராய்கிறவராக இருந்தால் நானும் மௌலின் பக்கம் போயிருப்பேன். 1920-ஆம் ஆண்டுத் தொகுதி பொருத்தமான விலையில் இதுவரை அகப்படவில்லை. ஆகவே அதன் மின்படியைத் தாளில் அச்சிட்டு, அதே அளவில் வெட்டி, உள்ளூரில் பைண்டிங் செய்பவரிடம் கொடுத்து நீலத் துணியில் கட்டி, மற்ற இரண்டின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். முன்னுரையில் அந்தச் சீன அதிகாரி வரும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் மட்டும், மூன்றாவது தொகுதியைப் பார்க்க என்று எழுதியிருக்கிறேன்.